மலைமேல் தீபமும் மழலையர் துயிலும்

விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப் பாதையில் பயணம் செய்வோருக்குத் திருவண்ணாமலை நகரம் தென்படுவதற்கு முன்னரே அதன் மலை தென்பட்டுவிடும். சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் அம்மலையின் உயரம் 2,668 அடி. அதன் கீழ்த்திசை அடிவாரத்தில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அருணாசலேசுவரர் திருக்கோயில். விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கர் முடித்த கிழக்கு இராசகோபுரம், 11 நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கிறது. ஐம்பூதத் தலங்களுள் இதனை நெருப்புக்கு உரிய தலம் என்பர் சைவப் பெருமக்கள்.

நெருப்பின் ஊராயிற்றே, இரவிலும் விழித்திருப்பதில் வியப்பொன்றும் இல்லை. ஒவ்வொரு முழுமதி நாளிலும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரவர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். இதனைக் கிரிவலம் என்கின்றனர். இந்திரலிங்கம் முதலாக ஈசானியலிங்கம் ஈறாக எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் வழியில் உள்ளன. நிதானமாக நடப்போருக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். 2024 மே மாதத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த மாலை வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. மாலை 6 மணிக்குக் கடற்கரையை விட்ட வண்டி இங்கு வந்து சேரும்போது நள்ளிரவு. மறுபடி அது புறப்படும் நேரம் விடியற்காலை 4 மணி. இடைப்பட்ட நான்கு மணி நேரம் யாருக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஏனெனில் அந்தப் பாதையில் நடப்போர் பெரியோர் மட்டும் அல்லர். தந்தையின் தோளில் தலை சாய்த்து உறங்கும் மூன்று வயதுக் குழந்தையை அங்கே காணலாம். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, கண்கள் சொருக, கால்கள் பின்ன, "இன்னும் எவ்வளவு தூரம் அம்மா?" என்று கேட்டுக்கொண்டே வரும் ஆறு வயதுச் சிறுமியையும் காணலாம். கடைத் தெருவின் வெண்ணிற விளக்கொளி முகத்தில் அடிக்கும்போது திடுக்கிட்டு விழித்து அழும் கைக்குழந்தையும் உண்டு. பெற்றோரின் பக்தியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வீட்டில் விட்டுவர ஆளில்லாத ஏழைக் குடும்பங்களே பல. ஆயினும், விழாவில் குழந்தைக்கு உரிய பங்கு எது, பெரியோருக்கு உரிய பங்கு எது என்று எண்ணிப் பார்ப்பது நம் அனைவருக்கும் கடமை. இந்த எண்ணத்திற்கு விடை தேட வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையே விடை தருகிறது.

மாலை ஆறு மணி

கார்த்திகை மாதத்துப் பெருவிழா இவ்வூரில் பத்து நாட்கள் நடைபெறுகிறது. ஆறாம் நாள் காலையில் அறுபத்து மூன்று நாயன்மார் திருவுருவங்கள் வீதியுலா வருகின்றன. அவற்றைச் சுமந்து வருவோர் பள்ளி மாணவர்கள். ஏழாம் நாள் தேரோட்டம். பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற பெற்றோர், கரும்புகளை இணைத்து அவற்றில் சேலையைத் தூளியாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்தி, மாடவீதிகளைச் சுற்றி வருகின்றனர். கரும்புத் தொட்டில் என்பது அதன் பெயர். தேர் பார்க்க வந்த கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, கரும்பின் நிழலில் ஆடியபடி அக்குழந்தைகள் அயர்ந்து உறங்குவது உண்டு. விழாவுக்குக் குழந்தையைக் கொண்டு செல்லும்போது அதன் தொட்டிலையும் உடன் கொண்டு செல்ல வேண்டும் என்ற நுட்பமான அறிவு அவ்வழக்கத்தில் பொதிந்து கிடக்கிறது.

பத்தாம் நாள் விடியலில், ஏறத்தாழ 4 மணிக்கு, கோயிலினுள் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. அன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகா தீபம். பெருங்கொப்பரையை மலைமேல் கொண்டு சென்று தீபம் ஏற்றும் உரிமை பர்வதராச குலத்தாருக்கு வழிவழியாக உரியது. மலையில் சுடர் தோன்றிய பின்னரே நகரத்து இல்லங்களில் அகல் விளக்கு ஏற்றுவர். சில நொடிகளில் வாசல்கள், திண்ணைகள், மாடங்கள், கிணற்று மேடைகள் யாவும் ஒளிபெறுகின்றன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் சிறுவர்கள் மாவலி சுற்றுவர். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிப் பொதிந்து, பனை மட்டைப் பிளவுகளுக்கிடையே கட்டி, கனல் மூட்டிச் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமிட்டுச் சிதறும். காசு கொடுத்து வாங்கும் எந்த மத்தாப்புக்கும் அது இளைத்ததன்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆறு மணி. 2025ஆம் ஆண்டில் இவ்விழா டிசம்பர் 3ஆம் நாள் அமைந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் கதிரவன் மாலை 6 மணிக்குச் சற்று முன்னரே மறைந்துவிடுகிறான். இருள் கவியத் தொடங்கும் முதற் பொழுதிலேயே தீபம் ஏற்றப்படுகிறது. ஊரின் மிகச் சிறிய குழந்தையும் விழித்திருக்கும் நேரம் அது. குழந்தை பார்க்க வேண்டிய சுடரைப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலில் ஓர் அகலையும் ஏற்றிவிட்டு, மாவலியும் சுற்றிவிட்டு, பொரி உருண்டையைத் தின்றபடி 8 மணிக்குப் படுக்கைக்குச் சென்றுவிடலாம். அதற்குப் பின் விடியும்வரை நடப்பது பெரியோரின் நோன்பு.

இன்னொன்றும் உண்டு. நாள்தோறும் இரவில் நடை சாத்துமுன் பள்ளியறை வழிபாடு நடத்துவது சிவாலயங்களின் வழக்கம். தெய்வத் திருவுருவைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் படைத்து, பாட்டுப் பாடித் துயில வைக்கின்றனர். இறைவனுக்கே உறங்கும் நேரம் வகுத்த நாட்டில், பிள்ளைகளுக்கு அந்நேரத்தை வகுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

வாசல் விளக்கின் மொழி

கார்த்திகை அகல் நம்மை வேறொரு வாசலுக்கும் அழைத்துச் செல்கிறது. அண்மை ஆண்டுகளில் சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றிலும், சில பள்ளிகளிலும், அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் கொண்டாடப்படுகிறது. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளின் பிள்ளைகளோ ஆண்டுதோறும் அதனை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர். பூத வேடமும் முகமூடியும் அணிந்த சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று, "இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்று கேட்டு மிட்டாய் வாங்கும் வழக்கம் அது.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதன் முந்திய மாலைக்குரிய ஆங்கிலப் பெயர் சுருங்கியே ஹாலோவீன் ஆயிற்று. மறுநாள் நவம்பர் 2, நாம் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். முற்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் இந்நாட்களில் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோருக்காக மன்றாடுவதாக உறுதி கூறி, சிறு அப்பங்களைப் பெற்றனர். வாங்குகிற கைக்கு ஒரு கடமையும் இருந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுவர்கள் வேடமிட்டுச் சென்றனர்; கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவில் குடியேறியோர் கிழங்குக்குப் பதிலாகப் பூசணியைக் குடைந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைப் பங்கீட்டால் மிட்டாய் வாங்கும் வழக்கம் தளர்ந்து, போருக்குப் பின் மீண்டும் தழைத்தது. 1950இல் பிலடெல்பியாப் பகுதிச் சிறுவர்கள் மிட்டாயுடன் நில்லாமல், பால் அட்டைப் பெட்டிகளை ஏந்தி, உலகக் குழந்தைகளுக்காக யூனிசெஃப் நிறுவனத்திற்குக் காசு திரட்டத் தொடங்கினர்.

அந்நாட்டில் ஓர் எழுதாச் சட்டம் உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால், அவ்வீட்டில் குழந்தை உறங்குகிறது, அல்லது முதியவர் ஓய்வெடுக்கிறார், அல்லது மிட்டாய் தீர்ந்துவிட்டது. கதவைத் தட்டாமல் கடந்து செல்ல வேண்டும். யாரும் காரணம் கேட்பதில்லை, யாரும் மனம் வருந்துவதும் இல்லை. இம்மரியாதை குறையும் இடத்தில் சட்டம் புகுந்துவிடுகிறது. வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் நகரில், 12 வயதுக்கு மேற்பட்டோர் இப்படி வீடு வீடாகச் செல்வது குற்றம் என்றும், இரவு 8 மணியுடன் யாவரும் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும், சிறைத் தண்டனையோடு கூடிய விதியே இருந்தது. 2019இல் வயது வரம்பை 14 ஆக உயர்த்தி, சிறைத் தண்டனையையும் நீக்கினர். எட்டு மணி வரம்பு மட்டும் அப்படியே நின்றது. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

நம் நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று. நவராத்திரியில் சிறுமியருக்குக் கண்ணன் வேடமும் ராதை வேடமும் இட்டு, கொலு வைத்த வீடுகளுக்கு அழைத்துச் செல்வர். பாட்டொன்று பாடினால் சுண்டல் கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராக் காலத்தில் காளி, குரங்கு, குறவன், அரசன் எனப் பற்பல வேடமிட்டோர் வீடு வீடாகச் சென்று காணிக்கை பெற்று அம்மன் கோயிலில் செலுத்துவர். நம் பங்குகளில் டிசம்பர் இரவுகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் கேரல் பாடிச் செல்லும் இளைஞர் குழுக்களைச் சொல்லவும் வேண்டுமோ! வேடம், வாசல், பாட்டு, இனிப்பு என்ற நான்கும் எங்கும் ஒன்றே. ஆகவே மரியாதையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

அம்மரியாதையைச் சில சொற்களில் கூறிவிடலாம். கைக்குழந்தையும் சிறு பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு முதலிலும், இளைஞர் உள்ள வீடுகளுக்குப் பின்னரும் செல்லுமாறு வழியை வகுத்துக்கொள்ளுதல் நலம். நோயாளி இருக்கும் வீட்டின் முன் பறையும் மேளமும் அடங்கட்டும். அழைப்பு மணியை ஒருமுறை அழுத்தினால் போதும். கொடுப்பதை இரு கையால் வாங்கி நன்றி சொல்ல வேண்டும். அடுத்த வீட்டில் இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்று வாசலிலேயே ஒப்பிடுவது அழகன்று. பிறர் பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பவர், பெற்றோரின் கண்ணைப் பார்த்து இசைவு பெற்றுக் கொடுக்கட்டும். விளக்கை அணைத்துக்கொண்ட வீட்டாரை, "எங்களை மதிக்கவில்லை" என்று மறுநாள் குறை சொல்லாதிருப்பது எல்லாவற்றிலும் பெரிய மரியாதை.

கிரிவலப் பாதையிலும் இதே நெறி பொருந்தும். அங்கே அன்பர்கள் வழிநெடுகச் சோறும் மோரும் வழங்குகின்றனர். சிறுவர்கள் கேளாமலேயே கை நிறைகிறது. வேண்டிய அளவு வாங்கி, தொன்னையைத் தொட்டியில் இடக் கற்பிக்கும் தாய், பிள்ளைக்கு வேறொரு பாடமும் நடத்திவிடுகிறாள்.

உறக்கம் என்னும் உணவு

பிள்ளைகளின் உறக்கத்தைப் பற்றி மருத்துவ உலகம் கூறுவதையும் கேட்போம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 1 முதல் 2 வயது வரை உள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் தேவை. 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். பதின்பருவத்தாருக்கும் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பற்றி உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு எழுந்தாக வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளை, குறைந்த அளவாகிய 10 மணி நேரம் உறங்க வேண்டுமாயின் இரவு 9 மணிக்குள் கண்ணயர்ந்திருக்க வேண்டும். வளர்ச்சிக்குரிய சுரப்பு நீர் ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரக்கிறது. இரவின் முற்பகுதியே ஆழ்ந்த உறக்கத்திற்கு உரிய பகுதி. கண்ணில் படும் வலிய ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைத் தடுக்கிறது. அத்தடை பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் கூடுதல். கைபேசித் திரையும் விழாப் பந்தலின் விளக்கும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றே. உறக்கம் கெட்ட குழந்தை சோர்ந்து அமர்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அது காரணமின்றி அழும், அடம் பிடிக்கும், ஓடியாடி அமளி செய்யும். அதைத் திருவிழா உற்சாகம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

திருவண்ணாமலையுடன் பெயர் இணைந்துவிட்ட இரமண மகரிஷியின் இளமையைப் பற்றிச் சுவையான செய்தியொன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் காணப்படுகிறது. 1896இல், 16 வயதில் இவ்வூருக்கு வருமுன், மதுரையில் மாணவராக இருந்தபோது அவர் ஆழ்ந்து உறங்குபவராம். விழித்திருக்கும்போது அவரிடம் அஞ்சிய தோழர்கள், உறங்கும் நேரம் பார்த்துத் தூக்கிச் சென்று அடித்துவிட்டு, மீண்டும் கொண்டு வந்து கிடத்துவார்களாம். அவருக்கோ எதுவும் தெரியாதாம்! பிற்காலத்தில் உலகமே தேடி வந்த அமைதியாளரும் இளமையில் வயிறார உண்பது போல் உறங்கியிருக்கிறார்.

அரசும் இரவின் அமைதியைக் காக்க முற்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே, மாநில அரசு தளர்வு அளிக்கலாம். இவ்விதியின் நன்மையை முதலில் பெறுபவர் தொட்டிலில் கிடக்கும் குழந்தையே. ஆனால் தொட்டிலிலிருந்து எழுந்து வந்து முறையிட அதனால் இயலாது. அதற்காக நாமே ஒலியைக் குறைக்க வேண்டும்.

நம் திருச்சபையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2009இல், 82 வயதான திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர், உரோமை நகரில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியை இரவு 10 மணிக்கு முன்னகர்த்தினார். முதியவரின் களைப்புக்கு இடம் கொடுத்ததால் விழாவின் மாண்பு குறைந்துவிடவில்லை. மழலையின் களைப்புக்கு இடம் கொடுத்தாலும் குறையாது. குழந்தையுள்ள குடும்பங்கள் மாலைத் திருப்பலிக்கோ காலைத் திருப்பலிக்கோ செல்வதைப் பக்திக் குறைவாக எவரும் கருத வேண்டாம்.

மழலையருடன் செல்வோருக்கு

பிள்ளைகளுடன் திருவண்ணாமலை காணச் செல்வோர், இயன்றால் நண்பகலுக்கு முன்னரே ஊரை அடைவது நல்லது. பிற்பகலில் பிள்ளைகள் சிறிது உறங்கட்டும். தீப நாளில் கோயிலை நெருங்க வேண்டும் என்பதில்லை. மலைச் சுடர் ஊரின் எப்பக்கத்திலிருந்தும், சுற்றியுள்ள பல ஊர்களிலிருந்தும் தெரியும். கூட்டம் குறைந்த திறந்த வெளியோ மாடியோ போதும். அண்மை ஆண்டுகளில் காவல் துறையினர் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டி அனுப்புகின்றனர். அதனைத் தவறாமல் கட்டிக்கொள்ளுங்கள். கிடைக்காவிடில் நீங்களே ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் இடுங்கள். மலையைச் சுற்றிப் பார்க்க விரும்பினால், வேறொரு நாளின் அதிகாலையில், வெயில் ஏறுமுன், பிள்ளை சலிக்கும் தொலைவு வரை நடந்து, மீதியை வண்டியில் சுற்றி வரலாம்.

"ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளாயிற்றே, ஓர் இரவு விழித்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. ஓர் இரவில் பிள்ளை கெட்டுவிடாது என்பது உண்மையே. ஆனால் கார்த்திகை, மார்கழிப் பாட்டு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அந்த ஓர் இரவு பல இரவுகளாகப் பெருகுகிறது. அவற்றுள் எந்த இரவைப் பிள்ளைக்குக் கொடுப்பது, எந்த இரவைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே, குழந்தை அழத் தொடங்கிய பிறகு தீர்மானிக்கக் கூடாது.

அன்றிரவு தூங்கிப்போன குழந்தை எதையேனும் இழந்துவிடுமோ என்று கவலைப்படவும் வேண்டாம். அண்ணாமலையில் ஏற்றிய தீபம் தொடர்ந்து 11 நாட்கள் எரிகிறது. நாளை மாலையிலும் அது அங்கேயே இருக்கும்.